மோசல் ஆற்றோரம் ஒரு நாள்: விட்லிஷிலிருந்து பிரெம் வரை, சைக்கிளும் நனைந்த கூடாரமும்

#1 மெதுவோட்டம்

ஜெர்மனியில மோசல் ஆத்தோரமா சைக்கிள்ல போன பயணம் எப்படி இருந்துச்சுன்னு மூணு பேர் தனிச்செய்தியில கேட்டிருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுதச் சோம்பல், அதனால இங்கயே கொட்டிடறேன். முழுப் பயணமும் இல்ல, ஒரே ஒரு நாள்தான். செப்டம்பர் முதல் சனிக்கிழமை.

காலையில ரயில்ல விட்லிஷ் வந்து இறங்கினேன். பேருதான் விட்லிஷ், ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி வெங்கரோர்ல இருக்கு. அங்கிருந்து பெர்ன்காஸ்டலுக்கு ஒரு காலத்துல ரயில் போச்சு. இப்ப தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிள் பாதை போட்டுட்டாங்க. ஐஃபெல் மலையில டவுன் ஊர்லேர்ந்து இறங்கி வர்ற மாரே-மோசல் பாதையோட கடைசித் துண்டு இது. ரயில் ஓடின தடம்ங்கிறதால ஏத்த இறக்கம் காலுக்கே தெரியல.

பெர்ன்காஸ்டல் வந்ததும்தான் என் தேதித் தேர்வோட லட்சணம் புரிஞ்சுது. செப்டம்பர் முதல் வார இறுதியில அங்க திராட்சை மது விழா. காலை பதினோரு மணிக்கே கையில கிளாஸோட ஜனம். நாலு பையைத் தொங்கவிட்ட சைக்கிளை ஆத்துப் பாலம் வரைக்கும் தள்ளிக்கிட்டே போனேன். எதிர்க்கரை கூஸ். 1401ல தத்துவ அறிஞர், கார்டினல் நிக்கோலஸ் குசானுஸ் பிறந்த ஊர். ஊருக்கு அவர் கட்டிவச்ச முதியோர் இல்லம் இன்னும் முதியோர் இல்லமாவே நடக்குது, அதுக்குச் சொந்தத் திராட்சைத் தோட்டமும் இருக்கு. நல்ல ஏற்பாடுய்யா.

வேலன் ஊருக்கு எதிர்ச்சரிவுல, தோட்டத்து நடுவுல, பாறையில ஒரு சூரியக் கடிகாரம். 1842லேர்ந்து நேரம் காட்டுது. நான் பாத்தப்ப மேகம், அதனால நேரம் தெரியல.

செல்ட்டிங்கன் லாக்கிட்ட (அணைப் பக்கத்துல தண்ணியை ஏத்தி இறக்கிப் படகைக் கடத்திவிடற தொட்டி) முக்கால் மணி நேரம் உக்காந்துட்டேன். ட்ரியர்லேர்ந்து கோப்லென்ஸ் வரைக்கும் மோசலை இப்படிப் பத்து இடத்துல அணை கட்டி மறிச்சிருக்காங்க. 1964லேர்ந்து பெரிய சரக்குப் படகு போற ஆறு இது. ஒரு நீளமான படகு உள்ள வந்து நின்னுச்சு. பின்பக்க மேல்தளத்துல ஒரு சின்னக் கார் நிக்குது, பக்கத்துல ஜெரானியத் தொட்டி. பின்கதவு மூடினதும் தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. சத்தமே இல்ல. நான் உக்காந்த உயரத்துக்கு இருந்த அந்தக் கார் கொஞ்சம் கொஞ்சமா என் கால்மட்டத்துக்குப் போய், அப்புறம் கான்கிரீட் சுவருக்குள்ள முங்கிப் போச்சு. தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த அம்மா கடைசி வரைக்கும் நிறுத்தவே இல்ல. அந்தப் படகு அவங்களுக்கு வீடு.

அடுத்து ஹோஹ்மோசல் பாலம். 2019ல திறந்தது, 1.7 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 160 மீட்டர் உயரம். கொலோன் தேவாலயத்தைக் கொண்டுவந்து கீழ நிறுத்தலாம். கட்டும்போது ஊர்க்காரங்க எவ்வளவோ சண்டை போட்டாங்க. அடியில நின்னு அண்ணாந்து பாத்தா ரெண்டு கட்சியும் சரின்னுதான் தோணுது.

க்ரோவ், ட்ராபன்-ட்ரார்பாஹ், என்கிர்ஹ் எல்லாம் அழகுதான், எழுதினா இழை முடியாது. ஆனா பூன்டரிஹ் பத்திச் சொல்லணும். எதிர்ச்சரிவுல, திராட்சைக் கொடிக்கு நடுவுல ரயில் பாலம். ஆத்தைக் கடக்கிற பாலம் இல்ல, மலையோட ஒட்டிக்கிட்டே 786 மீட்டர் போற பாலம், 92 வளைவு. அதுமேல போற ரயில் நேரா மலைக்குள்ள புகுந்துடுது. நான் ப்ரீடல், செல், மெர்ல்னு மூணு ஊரைச் சுத்திக்கிட்டு ரொம்ப நேரம் மிதிச்சு புல்லாய் போய்ச் சேர்றேன், ரயில் சுரங்கத்தை விட்டு வெளிய வந்ததும் புல்லாய். புல்லாய்ல பாலம் ரெண்டு மாடி. 1878ல கட்டி முடிச்சது, மேல ரயில், கீழ சாலை. நான் கீழ் மாடியில கடக்கும்போது தலைக்கு மேல ஒரு சரக்கு வண்டி போச்சு. பல்லு ஆடிச்சு.

இந்த ஆத்தோட குணமே இதுதான். ட்ரியர்-கோப்லென்ஸ் காக்கா பறக்கிற தூரம் நூறு கிலோமீட்டர் இருக்கும். ஆத்தோட போனா 190. "ஒரு வளைவையும் விடமாட்டேன்"னு வீட்டுல சவால் விட்டுட்டு வந்திருந்தேன்.

சாயங்காலம் ஏழே முக்காலுக்கு முதல் முகாமிடம். வரவேற்பு மூடியாச்சு, இடமில்ல, போங்கன்னுட்டார் ஒருத்தர். பாதிப் புல்வெளி காலியாத்தான் கிடந்துச்சு. பேரு சொல்ல விரும்பல. அடுத்த இடத்துல ஒரு பாட்டி என் சைக்கிளைப் பாத்தாங்க, என் மூஞ்சியைப் பாத்தாங்க, "சின்னக் கூடாரம்தானே, எங்க வேணா போடு"ன்னாங்க. 14 யூரோ, குளிக்க டோக்கனுக்கு 1 யூரோ. எதிர்ல கால்மோண்ட் மலை. ஐரோப்பாவுலயே ரொம்பச் செங்குத்தான திராட்சைத் தோட்டம்னு அதைத்தான் சொல்றாங்க. தோட்டம்ங்கிறதைவிடச் சுவர்னு சொல்லலாம்.

எங்க வேணா போடுன்னா நான் எங்க போடுவேன்? தண்ணியிலேர்ந்து மூணு மீட்டர். படத்துக்கு.

விடிகாலை நாலரைக்கு மூக்குமேல ஒரு சொட்டு விழுந்துச்சு. மழைன்னு நினைச்சேன். வெளிய தலைநீட்டினா பனிமூட்டம், எதிர்ல மலையே காணோம். கூடாரத்தோட உட்பக்கமெல்லாம் தண்ணி. தூக்கப்பையோட கால்பக்கம் பிழியலாம்போல ஈரம். மழை ஒரு சொட்டுகூடப் பெய்யல. இது கூடாரத்தோட குத்தமா, என் குத்தமா?

#2 எட்டுப்பல்லு

லாக்ல முக்கால் மணி நேரம்! நான் ட்ரியர்-கோப்லென்ஸ் ரெண்டே நாள்ல முடிச்சேன். அந்தக் கடிகாரமும் பாக்கல, பாட்டியும் பாக்கல.

கூடாரத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம், குத்தம் உங்களோடதுதான்.

#3 திருச்சி டைனமோ

குத்தம் யாரோடதுன்னு பிரிச்சுப் பாப்போம். ராத்திரி குளிருக்குப் பயந்து காத்துத் துவாரத்தையெல்லாம் மூடினீங்களா?

#4 மெதுவோட்டம்

மூடினேன். ஜிப்பை அடி வரைக்கும் இழுத்து.

#5 திருச்சி டைனமோ

அப்ப சரி. ராத்திரி முழுக்க நீங்க விடற மூச்சுல இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்ல. வெளித்துணி வானத்தைப் பாத்துக் குளிர்ந்து கிடக்கு. சொம்புல ஐஸ் தண்ணி வச்சா வெளியே வேர்க்கும்ல, அதே கதைதான். அதுக்கு மேல நீங்க படுத்திருக்கிறது பள்ளத்தாக்கோட அடிமட்டம். குளிர்ந்த காத்து கனமானது, சரிவுல வழிஞ்சு வந்து ஆத்தோரப் புல்வெளியிலதான் தேங்கும். செப்டம்பர்ல தண்ணி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும். அதுமேல குளிர்காத்து உக்காந்தா விடியக்காலம் பனிமூட்டம் நிச்சயம்.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. தண்ணியை விட்டு ஒரு முப்பது நாப்பது மீட்டர் தள்ளி, ரெண்டு மூணு மீட்டராவது மேடா இருக்கிற இடம். மரத்தடி கிடைச்சா இன்னும் நல்லது, இலைக்கூரை இருந்தா வெளித்துணி அவ்வளவு குளிராது. எதிரெதிர்ப் பக்கம் ரெண்டு துவாரத்தைத் திறந்து வைக்கணும். குளிருதுன்னா தலைக்குக் குல்லா போடுங்க, கூடாரத்துக்குப் போடாதீங்க. தூக்கப்பையோட கால்பக்கம் உள்துணியைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கும், அதான் அங்க மட்டும் ஊறியிருக்கு. மழைக்கோட்டை அதுமேல விரிச்சுப் போட்டுப் படுங்க.

இன்னொண்ணு. சாயங்காலம் கூடாரம் போடும்போதே திசைகாட்டியைப் பாத்து, காலை வெயில் எந்த மலைமேலேர்ந்து வரும்னு கணக்குப் போடணும். இவ்வளவு ஆழமான பள்ளத்தாக்குல ஒரு கரைக்கு வெயில் வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்த கரைக்கு வரும். ஈரக் கூடாரத்தை மடிச்சுக் கட்டறதும் காயவச்சு மடிக்கிறதும் அந்த ரெண்டு மணி நேரத்துலதான் இருக்கு.

#6 வடலி

தம்பி மெதுவோட்டம், நல்லா எழுதியிருக்கிறியள். நான் இஞ்ச வந்து முப்பத்தைஞ்சு வருசம். மோசலுக்கு மூண்டு தரம் போயிருக்கிறன், ஒருக்காலும் லாக்கில இருந்து பாத்ததில்லை. அடுத்த முறை பாக்கவேணும்.

டைனமோ சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். உந்தத் திராட்சைத் தோட்டத்து மண்ணைப் பாத்தியளோ? மண்ணே இல்லை, கறுப்புக் கல்லுத்தகடு. பகல் வெய்யில முழுக்க வாங்கி வச்சு இரவில விடும். அதுதான் இந்தக் குளிர் நாட்டிலையும் ரீஸ்லிங் எண்ட திராட்சை பழுக்கிறது. சரிவின்ர அடியோட ஒட்டிக் கூடாரம் போட்டியள் எண்டால் ஆத்தங்கரையை விடச் சூடு கிடைக்கும். ஆத்தங்கரை வாத்துக்குத்தான்.

வாத்து எண்டோன ஞாபகம் வருது. உங்களுக்கு நைல் வாத்துக் கரைச்சல் இருக்கேல்லையோ?

#7 மெதுவோட்டம்

ஐயோ அண்ணே, அதை எழுத மறந்தே போனேன். கண்ணைச் சுத்திப் பழுப்பு வட்டம் போட்ட அந்த ஜாதிதானே? ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்து இங்க பட்டா வாங்கிடுச்சு. உப்புமா கிளறிக்கிட்டிருக்கேன், ஆறு பேர் வரிசையா வந்து நின்னாங்க. விரட்டினா நாலடி பின்னால போய் மறுபடி நிப்பாங்க. கரண்டியைக் கீழ வச்சுட்டுத் தண்ணி எடுக்கப் போனேன், திரும்பி வந்தா கரண்டி சுத்தம். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடும்பச் சண்டை வேற. காலையில செருப்பை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அந்தப் புல்லுல நடந்த கதையைச் சொன்னா நீங்க சாப்பிட முடியாது.

#8 கொலோன் கவிதா

உப்புமாவா? ரவை எங்க வாங்கினீங்க?

#9 மெதுவோட்டம்

இங்க எல்லாக் கடையிலயும் கிடைக்கிற மென்கோதுமை ரவைதாங்க. வீட்டுலயே கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, முந்திரி எல்லாம் தாளிச்சு ரவையையும் வறுத்து ஆறவிட்டு டப்பாவுல அடைச்சுட்டேன். முகாம்ல வெந்நீர் கொதிச்சதும் கொட்டிக் கிளறினா அஞ்சு நிமிஷம். கேஸும் மிச்சம்.

#10 கொலோன் கவிதா

நன்றி. குழந்தைங்களோட போறவங்க யாராவது படிச்சா என் பங்குக்குச் சொல்றேன். நாங்க ரெண்டு பிள்ளைங்களை இழுவண்டியில உக்காரவச்சு ரெண்டு கோடையா போறோம். ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர், அதுக்கு மேல ஒரு மீட்டர்கூடக் கிடையாது. பல முகாம்கள்ல மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம், அப்ப போய் நின்னா வரவேற்புல ஆள் இருக்க மாட்டாங்க. காலையில ரொட்டி வேணும்னா முந்தின சாயங்காலமே சொல்லி வைக்கணும். ஞாயித்துக்கிழமை கடை இல்லங்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மறந்துடும்.

முன்பதிவு பத்தி: குடும்பமாப் போனா செய்யத்தான் வேணும். தனியாள், சின்னக் கூடாரம்னா பெரும்பாலும் ஒரு மூலை கிடைச்சுடும். எட்டு மணிக்குப் போய் நிக்காதீங்க, ஆறு மணிக்குப் போங்க. உங்களைத் திருப்பி அனுப்பினவர் செஞ்சது சரின்னு சொல்லல, ஆனா விழா சனிக்கிழமை அவரும் காலையிலேர்ந்து எத்தனை பேர்கிட்ட பேசியிருப்பாரோ.

#11 ஆஹன் மாணவன்

வணக்கம், புதுசு. ஏன் காசு குடுத்து முகாம்? திராட்சைத் தோட்டத்து ஓரமா யாருக்கும் தெரியாம ராத்திரி படுத்துட்டு விடிஞ்சதும் கிளம்பினா என்ன?

#12 திருச்சி டைனமோ

தோட்டம் ஒருத்தரோட சொத்து தம்பி. செப்டம்பர் அறுவடைக் காலம், விடியக்காலம் ஆறு மணிக்கு டிராக்டர் வரும், நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி. காட்டுல கூடாரம் போடறதுக்கும் இங்க அனுமதி வேணும், நார்வே, ஸ்வீடன் மாதிரி கிடையாது. அடுப்பு விஷயத்துல இன்னும் கண்டிப்பு. வறண்ட கோடையில காட்டோரம் நெருப்பு வச்சா அபராதத்தோட போகாது.

காசு மிச்சம் பண்ணணும்னா வார்ம்ஷவர்ஸ்ல பதிஞ்சுக்கோங்க. சைக்கிள்ல ஊர் சுத்தறவங்க ஒருத்தருக்கொருத்தர் வீட்டுல இடம் குடுக்கிற ஏற்பாடு. நீங்களும் ஆஹன்ல நாலு பேருக்கு இடம் குடுக்கணும், அது மறந்துடக் கூடாது.

#13 வடலி

ஓம், ஒருக்கால் அந்த வயசில நானும் செய்தனான். இரவு பன்னிரண்டு மணிக்குக் காட்டுப்பண்டி குடும்பத்தோட வந்து நிண்டுது. 14 யூரோ மலிவு தம்பி.

#14 எட்டுப்பல்லு

மோசல் எல்லாம் ஓய்வு பெற்றவங்க ஆறு. எல்பே ஆத்துக்குப் போங்க. ஹாம்பர்க் பக்கம் கீஸ்டாஹ்ட்ல ஒண்ணைத் தவிர அணை இல்ல, தண்ணி நிஜமாவே ஓடும். டிரெஸ்டன்லேர்ந்து கடல் வரைக்கும் கீழ்நோக்கி.

#15 திருச்சி டைனமோ

கீழ்நோக்கியா? எல்பேல கடல் பக்கம் போறவங்க கிட்டத்தட்ட தினம் எதிர்காத்துல மிதிப்பாங்க. இங்க காத்து பெரும்பாலும் மேற்குலேர்ந்து வரும், எல்பே போறது வடமேற்கு. ஆறு இறங்கறது கிலோமீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்கூட இல்ல, அது காலுக்குத் தெரியாது. காத்து தெரியும். ரயில்ல கடலோர கூக்ஸ்ஹாஃபன் போயிட்டு ஆத்துக்கு எதிரா மேல வர்றவங்க விவரமானவங்க. மோசல்ல அந்தப் பிரச்சினை இல்ல, அரை மணிக்கு ஒரு தரம் திசை மாறுது, எதிர்காத்தும் பின்காத்தும் பங்கு போட்டுக்கும்.

எல்பேல எனக்குப் பிடிச்சது ஓடம்தான். சில இடங்கள்ல மோட்டாரே கிடையாது. ஆத்து நடுவுல நங்கூரம் போட்டு நீளமான கம்பி வடம், அதோட முனையில ஓடம். ஓடத்தைக் கொஞ்சம் சாய்ச்சு நிறுத்தினா ஓட்டமே அக்கரைக்குத் தள்ளிடும். வேஸர் ஆத்துலயும் இருக்கு. மோசல்ல இது நடக்காது, தண்ணி நிக்குதே.

#16 கொலோன் கவிதா

ஆறுன்னு வந்தாச்சு, டோனாவை, அதான் டான்யூபை, யாருமே சொல்லல. இம்மெண்டிங்கன்கிட்ட கோடையில போங்க, ஆறே இருக்காது. சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கிடும். இறங்கின தண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆஹ் ஊற்றுல வெளிய வந்து ரைனுக்குப் போயிடுது. கருங்கடலுக்குக் கிளம்பின தண்ணி வடகடல்ல. என் பெரியவ காஞ்ச ஆத்துப்படுகையில நடந்துக்கிட்டே "யாரும்மா தண்ணியை மூடினது?"ன்னு கேட்டா.

#17 ஆஹன் மாணவன்

நன்றி அண்ணா, அக்கா. மோசல்தான் போகப்போறேன். வழியில சின்னச் சின்ன மதுக்கடை நிறைய இருக்காமே? சைக்கிள்தானே, பிரச்சினை இல்லையே?

#18 வடலி

பிரச்சினை இருக்கு. சைக்கிளுக்கு ரத்தத்தில 1.6 புரோமில் (ஆயிரத்துக்கு 1.6 பங்கு) மதுதான் எல்லை, அதைத் தாண்டினால் குற்றம். தடுமாறி ஓடினியள், ஆரையும் இடிச்சியள் எண்டால் 0.3 இலேயே வழக்குப் போடலாம். கார் லைசென்சும் போகலாம்.

நீர் சொல்லுறது ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் எண்டு நினைக்கிறன். தோட்டக்காரர் தங்கடை முத்தத்திலயோ கொட்டிலிலயோ தங்கடை மதுவை மட்டும் விக்கிறது. வருசத்தில நாலு மாசத்துக்கு மேல திறக்கேலாது, நாப்பது இருக்கைதான். வாசலில மாலையோ கொப்போ தொங்கினால் திறந்திருக்கு எண்டு அர்த்தம். குடிக்காட்டிலும் போம், திராட்சைச் சாறு இருக்கும், வெங்காயத் தட்டை இருக்கும். முதல்ல கூடாரத்தைப் போட்டுட்டு நடந்து போறதுதான் புத்தி.

#19 எட்டுப்பல்லு

சரி மெதுவோட்டம், கதையை முடிக்காம விட்டுட்டீங்க. ஈரத் தூக்கப்பையோட மறுநாள் என்ன பண்ணீங்க? பிரெம்முக்கு அடுத்து கோஹெம் வளைவு இருக்கு. "ஒரு வளைவையும் விடமாட்டேன்".

#20 மெதுவோட்டம்

கேப்பீங்கன்னு தெரியும்.

காலையில எட்டு வரைக்கும் பனி விலகல. அப்புறம் தூறல். ஈரக் கூடாரத்தை அப்படியே பையில திணிச்சேன், முந்தின நாளைவிட ஒரு கிலோ கூடுதலாத் தெரிஞ்சுது. எடிகர்-எல்லர் வரைக்கும் நாலஞ்சு கிலோமீட்டர் மிதிச்சேன். அங்க ஒரு சுவர்ல வெள்ளம் வந்த வருஷமெல்லாம் கோடு போட்டு எழுதியிருந்துச்சு. 1993 டிசம்பர் கோடு என் தலைக்கு மேல. இந்த முகாமெல்லாம் ஏன் குளிர்காலத்துல மூடறாங்கன்னு அப்பதான் மண்டையில ஏறிச்சு. நான் படுத்திருந்த புல்வெளி டிசம்பர்ல ஆறாவே ஆயிடும்போல.

எல்லர் ஸ்டேஷன் மேடைக்குப் பக்கத்துலயே சுரங்கத்து வாய். கைசர் வில்ஹெல்ம் சுரங்கம், 4.2 கிலோமீட்டர், 1879லேர்ந்து ரயில் ஓடுது. ஆத்தோட போனா கோஹெம் இருபது கிலோமீட்டருக்குக் கிட்ட. அந்தச் சுரங்கத்துல நாலஞ்சு நிமிஷம். ரயில் வந்து நின்னுச்சு, கதவு என் முன்னாடியே திறந்துச்சு. ஞாயித்துக்கிழமை, சைக்கிளுக்கு டிக்கெட்டும் வேண்டாம்.

ஏறிட்டேன்.

கோஹெம்ல வெயில் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆத்தோரக் கைப்பிடிக் கம்பியில கூடாரத்தை விரிச்சுக் காயப்போட்டேன். கோட்டையைப் படம் பிடிக்க வந்த சுற்றுலாக்காரங்க படத்துலயெல்லாம் என் பச்சைத் துணி விழுந்திருக்கும். வீட்டுல இன்னும் சொல்லல.

#21 எட்டுப்பல்லு

😂😂 வீட்டம்மா இந்தக் குழுவுல இல்லைன்னு உறுதியா?

#22 வடலி

உந்த ஒரு வளைவுதானே விட்டது? அக்டோபர் கடைசியோட கனக்க முகாம் பூட்டிப்போடும். அதுக்கு முன்னம் ஒரு சனிக்கிழமை சொல்லும், நானும் வாறன். எனக்கு 20 கிலோமீட்டர் காணும். பைல்ஷ்டைன் எண்ட ஊர் அந்த வளைவுக்குள்ளதான் கிடக்கு, அதை விட்டிட்டுப் போனது பெரிய பிழை. ஓடத்தில போய் இறங்கலாம். மோட்டார் ஓடம்தான், டைனமோ கோவிக்கப்படாது.

#23 ஆஹன் மாணவன்

நானும் வரலாமா? சைக்கிள் இருக்கு, கூடாரம் இல்ல.

#24 மெதுவோட்டம்

வாங்க தம்பி. என்னோடது ரெண்டு பேர் கூடாரம். ரெண்டு பேர் மூச்சுன்னா தண்ணியும் ரெண்டு மடங்கு, அதனால ஜிப் திறந்தேதான் இருக்கும், குல்லா கொண்டு வாங்க.

வடலி அண்ணே, அக்டோபர் ரெண்டாவது சனி சரியா? எல்லர் ஸ்டேஷன், பத்தரை மணி. இந்தத் தடவை பாட்டிகிட்ட போன் பண்ணியே சொல்லிடறேன். சரிவோட அடிவாரத்துல இடம் கேக்கறேன்.